'கொழும்பு ஆக்கள்' என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

ஒரு மாதமாக எங்கள் ஊரில் ஒரே வாக்கியம்தான் காதில் விழுகிறது. "கொழும்பிலயிருந்து வந்திருக்காங்களாம்." பஸ் தரிப்பிடத்திலும் பார்மசி வரிசையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் இதே பேச்சு. யார் வந்தார், ஏன் வந்தார், கொழும்பில் எந்த இடத்திலிருந்து வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. கொழும்பு என்ற சொல்லே நோயின் பெயராகிவிட்டது.

ஹாலிஎல எங்கே இருக்கிறது என்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் வீதியும், நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வரும் வீதியும் எங்கள் ஊரில்தான் சந்தித்து ஒன்றாகப் பதுளைக்குப் போகின்றன. மலைநாட்டு ரயில் பாதையில் பதுளைக்கு முந்திய கடைசி நிலையமும் எங்களுடையதுதான். எனவே கொழும்பிலிருந்து பதுளைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் எங்கள் கண்ணில் படாமல் போக முடியாது. வாப்பா காலத்திலிருந்து பிரதான வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற எனக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

2020 ஒக்டோபர் 29 நள்ளிரவு முதல் மேல் மாகாணம் முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் அமுலுக்கும் இடையில் கிடைத்த அவகாசத்தில் கொழும்பிலிருந்து இரண்டு விதமான ஆட்கள் மலையேறினார்கள். ஒரு பகுதியினர் வாகனங்களில் குடும்பத்தோடு வந்து ஹோட்டல்களில் அறை எடுத்தார்கள். நீண்ட விடுமுறையை ஏன் வீணாக்குவது என்ற எண்ணமாக இருந்திருக்கும். அது செய்தியாகி, தங்கியிருக்கும் இடத்திலேயே அவர்கள் தனிமைப்படுத்தப்படுவார்கள் என்று பொலிஸார் சொல்ல வேண்டிவந்தது. மற்றப் பகுதியினர் பஸ்ஸில் வந்தார்கள். தோளில் ஒரு பை, சிலர் கையில் தீபாவளிக்கு வாங்கிய புதுத்துணி. புறக்கோட்டைக் கடைகளிலும் கட்டட வேலைத் தளங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள். கடை பூட்டினால் சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை, படுக்க இடமும் இல்லை. அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

இரு தரப்புக்கும் ஊரில் கிடைத்த பெயர் ஒன்றுதான். கொழும்பு ஆக்கள்.

என் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபது வருடமாக எங்களிடம் சாமான் வாங்குகிற ஒரு தாய் இருக்கிறார். சம்பளம் போட்டதும் முதலில் கடன் கொப்பியைத் தீர்த்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். மூத்த மகன் கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றில் நிற்கிறான். அவன் அந்த இரவு பஸ்ஸில் வந்துவிட்டான். மறுநாளே லயத்துக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பதினான்கு நாள் முடிந்து, அவனுக்கு எந்த வருத்தமும் இல்லை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லி, அறிவித்தலையும் கழற்றிய பிறகு அந்தத் தாய் கடைக்கு வந்தார். நான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் குறுக்கே போட்டு, "அங்கேயே நில்லுங்கம்மா, சாமானை வெளியே வைக்கிறேன்" என்றேன். காசை ஒரு தட்டில் வைக்கச் சொன்னேன். அந்த நேரம் கடைக்குள் வேறு நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவரையும் நான் வெளியே நிற்கச் சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை. "சரிங்க நானா" என்று சொல்லிவிட்டுத் தட்டில் காசை வைத்தார். மா, பருப்பு, கருவாடு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏப்ரல் மாதத்தில் என் மருமகன், தொப்பி போட்ட குற்றத்துக்காக, வேறோர் ஊரில் ஒரு கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டதைச் சொல்லி நான் எத்தனை பேரிடம் பொங்கியிருப்பேன்.

இந்த இடத்தில் நம் தலைவர்களைப் பற்றிப் பேச வேண்டும். 2020இல் அவர்கள் நம்மைச் சிரிக்க வைத்ததில் குறை வைக்கவில்லை. செப்டெம்பரில், அப்போது தெங்கு விவகாரத்துக்குப் பொறுப்பாக இருந்த இராஜாங்க அமைச்சர் அருந்திக பெர்னாண்டோ, தேங்காய்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தென்னை மரத்தில் ஏறிக்கொண்டார். நவம்பர் முதல் வாரத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, கொரோனா ஒழிய வேண்டும் என்று மந்திரித்த நீர்ப் பானையை ஆற்றில் போட்டார். ஆளும் தரப்பு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு, அப்போது எதிர்க்கட்சியில் இருந்த திலிப் வெதஆராச்சி இருக்கிறார். முன்னாள் கடற்றொழில் இராஜாங்க அமைச்சர். மீன் சாப்பிட்டால் கொரோனா வராது என்று காட்டுவதற்கு ஊடகவியலாளர் மாநாட்டில் பச்சை மீனைக் கடித்தார். வெளிநாட்டு ஊடகங்கள்கூட அந்தப் படத்தைப் போட்டன. 2017இல் தமிழ்நாட்டில் அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில் நீர் ஆவியாகாமலிருக்க தெர்மாகோல் மிதக்கவிட்டதைப் பார்த்து நாம் சிரித்தோம். இப்போது நமக்கே பானையும் மீனும் கிடைத்துவிட்டன.

நானும் சிரித்தேன். குடும்ப வட்ஸ்அப் குழுவில் பானைப் படத்தை முதலில் போட்டவன் நான்தான். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். மரமேறியதால் யாருக்கும் வேலை போகவில்லை. பானை ஆற்றில் விழுந்ததால் யார் வீட்டுக் கதவிலும் அறிவித்தல் ஒட்டப்படவில்லை. மீன் கடித்தவர் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணிக்குப் பிறகு மீன் விற்க வழியில்லாமல் நின்ற மீனவருக்காகத்தான் அப்படிச் செய்தார். கோமாளித்தனமான வழி என்றாலும் நோக்கத்தில் தீங்கில்லை. ஒரு தலைவர் வெட்கப்படும்படி பேசினார் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இப்படிப்பட்டவற்றைத்தான் சொல்கிறோம். ஒரு மக்கள் கூட்டத்தையே சுட்டி, இவர்கள்தான் பிரச்சினை என்று அமைதியான குரலில், கோட்டும் டையும் போட்டுச் சொல்லப்படுகிற பேச்சு யாரையும் வெட்கப்பட வைப்பதில்லை. அதைப் பகிர்ந்து சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதுதான் லயத்துக் கதவு வரைக்கும், என் கடை வாசல் கதிரை வரைக்கும் வந்து சேர்கிறது.

கொழும்பைப் பற்றி இந்த நாட்டு மேடைகளில் இரண்டு படங்கள் காட்டப்படுகின்றன. ஒன்று 'கொழும்பு 7'. ஆங்கிலம் பேசுகிற, வெளிநாட்டுக் கனவு காண்கிற, கிராமத்தின் வலி தெரியாத ஆட்கள். தேர்தல் காலத்தில் கிராமத்து மேடையில் ஏறுகிற எவருக்கும் இந்தப் படம் கைகொடுக்கும். அப்படிப் பேசுகிறவரின் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடாது. மற்றப் படம் 'வத்த' ஆட்கள். கஞ்சா, குடு, சண்டித்தனம், சொன்னது கேளாதவர்கள், இப்போது நோய் பரப்புகிறவர்கள். தேவைக்கேற்ப ஒரு படத்தை உள்ளே வைத்து மற்றதை வெளியே எடுப்பார்கள். இரண்டிலும் கொழும்பில் உண்மையாக வேலை செய்து உண்கிற மனிதன் இல்லை.

தமிழில் இந்த விடயம் இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. கொழும்பு 7க்கு நம் பெயர் கறுவாத்தோட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவா பயிரிட்ட நிலம். பிறகு கனவான்களின் மாளிகைகள் எழுந்தன. அங்கிருந்து சிறிது தூரத்தில், கொழும்பு 12இல் இருப்பது வாழைத்தோட்டம். 1989 முதல் 1993 வரை ஜனாதிபதியாக இருந்த ரணசிங்க பிரேமதாச பிறந்து வளர்ந்த இடம் அது. அந்தத் தோட்டத்துப் பிள்ளை நாட்டின் முதல் நாற்காலிக்கு வந்ததை, கறுவாத்தோட்டத்தின் ஒரு பகுதி கடைசிவரை ஜீரணிக்கவில்லை என்று எங்கள் வாப்பா சொல்வார். வடகொழும்பில் நெருக்கமான குடியிருப்புகளையும் மக்கள் 'தோட்டம்' என்றே சொல்கிறார்கள். ஒரு வாசல், இரு பக்கமும் வரிசையாக ஒட்டிய அறைகள், பொதுக் குழாய், பொது மலசலகூடம். எங்கள் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பார்த்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மலையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் இன்னொரு தோட்டத்தில் வாடகைக்கு ஒண்டியிருந்து, மூன்றாவது தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டின் மதில் கட்டப் போகிற பையன்களை எனக்குத் தெரியும்.

எத்தனை பேர் இப்படி வாழ்கிறார்கள்? நகர அபிவிருத்தி அதிகார சபை முன்பு எடுத்த ஒரு கணக்கின்படி, கொழும்பு நகரில் வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 68,000 குடும்பங்கள். நகரத்து மக்களில் அரைவாசிக்கு மேல் அப்படிப்பட்ட இடங்களில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இருந்த நிலம் நகரத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொழும்பு ஆள் என்று கண்ணை மூடி ஒருவரைக் கற்பனை செய்தால், எண்ணிக்கைப்படி அந்த ஆள் கறுவாத்தோட்டத்துக் கனவான் அல்ல. ஒன்றரை அறை வீட்டில் ஆறு பேரோடு படுக்கிறவர். "வீட்டில் இருங்கள், இடைவெளி பேணுங்கள்" என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது அது யாருடைய வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது?

ஒரு சொல் சட்டமாக மாறுவது எப்படி என்பதை 2007இல் நாம் பார்த்தோம். அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டார்கள். பொதியைக் கட்ட அரை மணித்தியாலம்கூடக் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கமும் கிழக்குப் பக்கமும் அனுப்பப்பட்டார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர், வைத்தியசாலைக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அப்போதைய பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஆனால் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் வெளிநாட்டு ஊடகங்களிடம் அதை நியாயப்படுத்தினார். தடுத்து வைப்பதைவிட ஊருக்கு அனுப்புவது நல்லதுதானே என்ற தோரணையில் பேசினார். கொழும்பில் உங்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி அந்தப் பேச்சின் அடியில் இருந்தது. 2019இல் அவர் நாட்டின் ஜனாதிபதியானார். அந்த வார்த்தைக்காக யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்தில், 2010 மே மாதம், கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் பரம்பரையாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் படையினரின் பாதுகாப்போடு இடிக்கப்பட்டன. மலாயரும் முஸ்லிம்களும் நிறைந்த வீதி அது. அதே வருடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. நகரை அழகாக்குகிறோம் என்றார்கள். அங்கிருந்தவர்கள் 'சேரிவாசிகள்' என்று பேச்சில் ஏற்கெனவே மாறியிருந்ததால், நாட்டின் மற்றப் பகுதிகளில் அதைப் பற்றிப் பெரிய சலனம் இருக்கவில்லை. எங்கள் ஊரிலும் இருக்கவில்லை. கொழும்பு நல்லா வந்துட்டுது, ரோட்டெல்லாம் பளிச்சென்று இருக்குது என்று பாராட்டியவர்களில் நானும் ஒருவன். பிறகு வந்த தொடர்மாடிகளுக்கு 'செவன' என்று முடிகிற அழகான சிங்களப் பெயர்கள். செவன என்றால் நிழல். 2020இல் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களின் பட்டியல் செய்தியில் வாசிக்கப்பட்டபோது அந்த நிழல்களின் பெயர்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மின்தூக்கி ஒன்று, படிக்கட்டு ஒன்று, நடைபாதை ஒன்று என்று கட்டிவிட்டு, அங்கிருப்பவர்கள் ஒழுக்கமில்லாமல் நோய் பரப்புகிறார்கள் என்று பேசுவது எந்த ஊர் நியாயம்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அமெரிக்காவில் டொனால்ட் ட்ரம்ப், 2019இல் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் போல்டிமோர் பகுதியை எலிகள் மொய்க்கிற அருவருப்பான இடம் என்று எழுதினார். 2020 செப்டெம்பர் 29 விவாத மேடையில் பிலடெல்பியாவில் கெட்ட காரியங்கள் நடக்கின்றன என்றார். நவம்பர் 3 தேர்தலில் எண்ணிக்கை அவருக்கு எதிராகத் திரும்பியதும் பிலடெல்பியாவும் டெட்ராயிட்டும் ஊழல் நகரங்களாகிவிட்டன. கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்தலாமா என்று ஏப்ரலில் அவர் கேட்டதைத்தான் உலகமே கேலி செய்தது. ஆனால் அமெரிக்காவின் கிராமங்களில் கோடிக்கணக்கானோர் மனதில் தங்கியது எலியும் பிலடெல்பியாவும்தான். தமிழ்நாட்டிலும் ஜூன் மாதம் சென்னையில் முழு முடக்கம் வந்தபோது, ஊருக்குத் திரும்பியவர்களை "சென்னைல இருந்து வந்தவன்" என்று விலக்கினார்கள். அவர்களும் ஊர்ப் பிள்ளைகள்தான். பிழைக்கப் போனவர்கள்தான்.

இனி நம் சமூகத்தைப் பற்றி. முஸ்லிம்களான நாம் கொழும்பு முஸ்லிமைப் பற்றி வைத்திருக்கிற படம் இவர்கள் எவருடைய படத்துக்கும் குறைந்ததல்ல. மலைநாட்டிலும் கிழக்கிலும் 'கொழும்பு ஹாஜியார்' என்றால் பணம். பள்ளிவாசல் கட்டட நிதி என்றால் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போவோம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை கொழும்பு என்றால் ஒரு மரியாதை, ஒரு பயம். அவர்களுக்குத் தீன் குறைவு, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சும் இலவசமாகக் கூட வரும். என் ராத்தா முப்பது வருடத்துக்கு முன் மாளிகாவத்தையில் வாழ்க்கைப்பட்டவர். பெருநாளுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பணக்காரியாகவே நடத்துவோம். யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பார் என்று பார்ப்போம். மச்சான் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவர் என்பதும், மூன்று பெண்பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்தப் படத்தை விட மனமில்லை.

2020 மே 21ஆம் திகதி. ரமழானின் கடைசி நாட்கள். அதே மாளிகாவத்தையில் ஒரு முஸ்லிம் வர்த்தகர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்தார். ஊரடங்கால் வாரக்கணக்கில் வருமானமிழந்த மக்கள் திரண்டார்கள். நெரிசலில் 3 பெண்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த மாலை நம்மவர்கள் எழுதியதை நினைத்துப் பாருங்கள். ஸகாத்தை ஒழுங்காகப் பகிரத் தெரியாதா, ஊரடங்கு நேரத்தில் ஏன் கூடினார்கள், நம் மானத்தை வாங்கிவிட்டார்களே என்றெல்லாம் எழுதினோம். மானம்தான் முதலில் வந்தது. சில நூறு, ஆயிரம் ரூபாய்க்காக உயிரைக் கொடுத்து நெருக்கிக்கொள்கிற அளவுக்குக் கொழும்பு முஸ்லிம் பெண்களின் வீட்டில் என்ன இருந்தது என்ற கேள்வி கடைசியில்கூட வரவில்லை. ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். "அந்த வரிசையில நான் நிக்காதது அல்லாஹ்ட ரஹ்மத்" என்றார். அதன் பொருள் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. நிற்க வேண்டிய நிலையில்தான் அவரும் இருந்திருக்கிறார்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பேருவளையும் அக்குறணையும் பூட்டப்பட்டபோது சில தொலைக்காட்சிகள் நம்மை எப்படிக் காட்டின என்பது இந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதல்ல. கொழும்பு 12 பண்டாரநாயக்க மாவத்தையிலிருந்து மக்கள் கூட்டமாகத் தனிமைப்படுத்தலுக்கு ஏற்றப்பட்ட காட்சியும் அப்படித்தான் காட்டப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியோடு ஜனாஸாக்களும் எரிக்கப்பட வேண்டும் என்றாகிவிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தும் இதுதான் நிலைமையாக இருந்தது. 2020 நவம்பரில் மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் இருந்தன. அப்போது இறப்புகள் கூடியபோது, எரிக்கப்பட்டவை அதிகமாகக் கொழும்பு முஸ்லிம்களின் ஜனாஸாக்களே. கொழும்பு ஆக்கள் என்று நாம் ஒதுக்கி வைத்தவர்கள்தான் இந்தக் கொடுமையின் பெரும்பங்கைச் சுமந்தார்கள். அவர்களுக்காகக் கையெழுத்தும் வாங்கினோம், துஆவும் கேட்டோம். அதே வாயால் "கொழும்பிலயிருந்து வந்தவங்களை ஊருக்குள்ள விடாதீங்க" என்று பள்ளி நிர்வாகத்திடம் சொன்னோம்.

நோய்க்குப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020 நவம்பரில் தொற்றாளர் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியது. அப்போது மேல் மாகாணத்தில்தான் அதிகம் என்பதும் உண்மை. எங்கள் பக்கத்து லயங்களில் ஒருவருக்கு வந்தால் அந்த வரிசைக்கே வரும். பத்தடிக் காம்பராவில் ஒருவரைத் தனிமைப்படுத்துவது எப்படி என்று எந்தச் சுற்றுநிருபமும் சொல்லவில்லை. எனவே மேல் மாகாணத்திலிருந்து வெளியேறக்கூடாது என்று தீபாவளிக்கு முன்னர், நவம்பர் 11 நள்ளிரவு முதல் 15 வரை போட்ட தடையை நான் குறைசொல்லமாட்டேன். என் கேள்வி, அந்தத் தடைக்குள் அகப்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி எந்தத் தலைவர் என்ன சொன்னார் என்பது. கடை முதலாளி சாப்பாடு கொடுக்கிறாரா, தங்குமிடத்தில் எத்தனை பேர் படுக்கிறார்கள், நோய் வந்தால் யாருக்கு அறிவிப்பது? கொழும்பில் வாக்காளர் பதிவு இல்லாத இந்தப் பையன்களுக்கு அந்த 5,000 ரூபாக் கொடுப்பனவு எந்தக் கிராம சேவகரிடம் கிடைத்திருக்கும்? எனக்குத் தெரிந்த நான்கு பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இங்கே கேட்டால் நீ கொழும்பில் இருக்கிறாய் என்கிறார்கள். அங்கே கேட்டால் நீ பதுளை ஆள்.

அவர்கள் ஏன் கொழும்புக்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லாமல் முடியாது. 2020இல் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக இருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். 1,000 ரூபா கேட்டுப் போராடத் தொடங்கி அப்போது ஐந்து வருடமாகியிருந்தது. 2020 மார்ச் முதலாம் திகதி தருவதாக அமைச்சரவை முடிவு வந்தது. மார்ச் போய் நவம்பரும் வந்தது. நவம்பர் 17ஆம் திகதி வரவு செலவுத் திட்ட உரையில், ஜனவரியிலிருந்து 1,000 ரூபா என்று அப்போதைய பிரதமர் மறுபடி சொன்னார். அதே வாரத்தில்தான் வெதஆராச்சி மீன் கடித்தார். என் கைபேசிக்கு மீன் படம் பதினாறு தடவை வந்தது. ஆயிரம் ரூபாவைப் பற்றி ஒரேயொரு செய்தி வந்தது. அதையும் அந்தத் தாயின் இளைய மகன்தான் அனுப்பியிருந்தான், கீழே ஒரு கேள்விக்குறி போட்டு.

தலைவர்கள் வாய் தவறிப் பேசுவதைப் படம்பிடிக்க இப்போது ஆயிரம் கமராக்கள் இருக்கின்றன. வாய் தவறாமல் பேசுவதைக் குறித்துவைக்க நமக்குப் பழக்கமில்லை. எங்கள் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிற எவரிடமும் இனி நான் கேட்க நினைத்திருப்பது பானையைப் பற்றி அல்ல. கொழும்பில் வேலை செய்கிற ஹாலிஎலப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பேன். தோராயமாகவாவது சொல்லட்டும். தெரியாது என்றால், தெரியாமல் எப்படி அவர்களை வரவேண்டாம் என்று சொன்னீர்கள் என்று கேட்பேன்.

கடந்த வெள்ளிக்கிழமை அந்தத் தாய் மறுபடி வந்தார். கதிரையை நான் முதல் நாளே எடுத்துவிட்டிருந்தேன். ஆனாலும் அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் படியேறினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார். மகன் இன்னும் லயத்தில்தான் இருக்கிறானாம். கொழும்புக் கடை முதலாளி கோல் எடுத்து, திறந்துவிட்டோம், ஆனால் தோட்டப் பக்கமிருந்து வருகிறவர்களை இப்போது எடுக்க யோசனையாக இருக்கிறது, ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம். "அங்கயும் பயப்படுறாங்க நானா" என்றார். அந்த மாதத்துச் சாமானைக் கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதினேன்.